குளிர்காலத்தில் படகு பேட்டரி: சார்ஜரிலேயே விட்டுவைப்பதா, இணைப்பைக் கழற்றிவிடுவதா?

பாய்மரத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். உறைபனி தொடங்கும் முன் படகைக் கரையேற்றி, தார்ப்பாய் போர்த்தி, ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு நிறுத்திவைக்க இருக்கிறேன். படகில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் உள்ளன. இஞ்சினைக் கிளப்புவதற்கு இருப்பது, மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றக்கூடிய சாதாரண ஈய-அமில பேட்டரி. விளக்குகள், குளிர்பெட்டி, வழிகாட்டிக் கருவிகள் ஆகியவற்றுக்கு 110 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஏஜிஎம் பேட்டரி (கண்ணாடியிழைப் பாயில் அமிலம் ஊறியிருக்கும், திறக்க முடியாத ஈய-அமில வகை) ஒன்று தனியாக இருக்கிறது. படகு நிற்கும் இடத்தில் மின் இணைப்பு உண்டு. ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் அதைத் தொடர்ந்து பயன்படுத்த விடுவார்களா என்பது சந்தேகம்தான்.

பேட்டரிகளைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். சார்ஜரில் மாட்டி அப்படியே விட்டுவிடலாம் என்கிறார்கள் வேறு சிலர். நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியைத் தொடாமல் விட்டாலே போதும் என்பதும் காதில் விழுந்தது. இவற்றுள் எது சரி? முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டால் மின் இழப்பு முற்றிலும் நின்றுவிடும் என்று நம்பலாமா?

சுக்கான் எழுதியது:

வணக்கம் நண்பரே. நீங்கள் கேள்விப்பட்ட மூன்றும் தத்தம் சூழலில் சரியானவைதாம். பேட்டரி எங்கே இருக்கிறது என்பதைவிட, எந்த அளவு சார்ஜுடன் இருக்கிறது என்பதே முக்கியம். ஈய-அமில பேட்டரியைக் குளிர் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அரைகுறைச் சார்ஜில் நாட்கணக்கில் கிடப்பதுதான் கெடுக்கிறது. சார்ஜ் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட்டு படிகிறது. உடனே மீண்டும் சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வாரக்கணக்கில் விட்டுவைத்தால் பெரிய படிகங்களாக இறுகி, பிறகு எந்தச் சார்ஜருக்கும் எளிதில் வசப்படாமல் போகும். வசந்தத்தில் பலருடைய பேட்டரிகள் கொள்ளளவு குறைந்து காணப்படுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

உறைதலும் சார்ஜைப் பொறுத்ததே. முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரியின் அமிலக் கரைசல் உறைய வேண்டுமானால் வெப்பநிலை மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். பாதிச் சார்ஜில் அது மைனஸ் 20 முதல் 25 டிகிரி வரையிலான அளவிலேயே உறையத் தொடங்கும். முற்றிலும் இறங்கிப்போன பேட்டரியில் அமிலம் ஏறக்குறைய தண்ணீராகிவிடுவதால், மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்து, பெட்டி விரிந்து வெடிப்பு விழக்கூடும். எனவே முழுச் சார்ஜ் ஏற்றி, எல்லா இணைப்புகளையும் கழற்றிய ஏஜிஎம் பேட்டரியைப் படகிலேயே விட்டுவைப்பதில் தவறில்லை. உண்மையில் குளிர் அதற்கு நன்மையே செய்கிறது. வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் தானாகச் சார்ஜ் இறங்கும் வேகம் ஏறத்தாழ பாதியாகிறது. வெதுவெதுப்பான அறையில் மாதம் 5 விழுக்காடு வரை இழக்கும் சாதாரண ஈய-அமில பேட்டரி, உறைநிலையை ஒட்டிய குளிரில் மிகச் சிறிதளவே இழக்கும். ஏஜிஎம் அதைவிடவும் குறைவாக இழக்கும்.

முழுச் சார்ஜ் என்பதைச் சற்று விளக்க வேண்டும். கரையேற்றுவதற்கு முன் இஞ்சினை ஒரு மணி நேரம் ஓட்டினால் பேட்டரி நிரம்பிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். முதல் 80 விழுக்காடு விரைவாக ஏறினாலும், கடைசி 20 விழுக்காடு ஏறப் பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே பல கட்டமாக இயங்கும் சார்ஜரை மாட்டி, 14.4 வோல்ட்டை ஒட்டிய அளவிலேயே வைத்திருந்து, உள்ளே செல்லும் மின்னோட்டம் கொள்ளளவில் ஒரு விழுக்காட்டுக்கு, அதாவது உங்கள் ஏஜிஎம் பேட்டரியில் ஓர் ஆம்பியர் அளவுக்கு, இறங்கும் வரை காத்திருங்கள். சரியான வோல்ட் அளவு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பேட்டரியின் மேல் அச்சிட்டிருப்பதையே பின்பற்றுங்கள்.

முதன்மைச் சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் மிதவைச் சுவிட்ச், எரிவாயுக் கசிவு எச்சரிக்கை மணி, வானொலியின் நினைவகம் போன்றவை பெரும்பாலும் அந்தச் சுவிட்சைத் தாண்டி நேரடியாகப் பேட்டரியில் இணைக்கப்பட்டிருக்கும். இவை சேர்ந்து 20 மில்லியாம்பியர் மட்டும் இழுத்தாலும், நாளொன்றுக்கு அரை ஆம்பியர்-மணியளவு போகும். நான்கு மாதத்தில் 58 ஆம்பியர்-மணி, அதாவது உங்கள் ஏஜிஎம் பேட்டரியில் பாதிக்கும் மேல் காலியாகியிருக்கும். படகு கரையில் நிற்பதால் அடிப்பாகத்தின் வடிகால் அடைப்பானைத் திறந்து வையுங்கள். பம்புக்கு அப்போது வேலையே இருக்காது. எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி, பிறகு நேர்முனையைக் கழற்றுங்கள். கழற்றும் முன் எந்தக் கம்பி எங்கிருந்து வந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. நான்கு மாதம் கழித்து அது யாருக்கும் நினைவிருக்காது.

கரையோரன் எழுதியது:

சுக்கான் சொன்னவற்றில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆயினும், தொடர்ந்து மின்சாரம் கிடைக்குமானால் நல்ல சார்ஜர் ஒன்றை மாட்டிவைப்பதே சிறந்தது என்பது என் கருத்து. பேட்டரி நிரம்பியதும் தானே 13.2 முதல் 13.8 வோல்ட்டுக்குள் இறங்கி நின்றுகொள்ளும் சார்ஜரையே நான் சொல்கிறேன். சிறு மின்னோட்டத்தை நிறுத்தாமல் செலுத்திக்கொண்டே இருக்கும் பழைய வகைச் சார்ஜரை மாதக்கணக்கில் விட்டுவைத்தால், சாதாரண பேட்டரியில் தண்ணீர் வற்றும். ஏஜிஎம் பேட்டரியைத் திறந்து தண்ணீர் ஊற்ற வழியில்லாததால் அந்த இழப்பு நிரந்தரமாகிவிடும்.

குளிரான இடத்தில் வைத்திருப்பவர்கள், வெப்பநிலையை உணர்ந்து வோல்ட்டை மாற்றிக்கொள்ளும் சார்ஜரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு டிகிரி குறைவதற்கு ஒரு செல்லுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை கூட்ட வேண்டும் என்பது பொதுவான அளவு. ஆறு செல் கொண்ட பேட்டரியில் 25 டிகிரிக்கும் உறைநிலைக்கும் இடையே இது அரை வோல்ட்டுக்கு மேல்கூட வந்துவிடும். வெப்பநிலையைக் கணக்கில் கொள்ளாத சார்ஜர் நிரம்பிவிட்டதாக விளக்கைப் பச்சையாக்கினாலும், கடுங்குளிரில் பேட்டரி நிரம்பியிருக்காது.

உங்களிடம் இருப்பவை இரண்டு வெவ்வேறு வகைகள். இரண்டையும் இணைத்து ஒரே சார்ஜரில் விட்டுவிடாதீர்கள். தனித்தனி வெளியீடு உள்ள சார்ஜர் வேண்டும், அல்லது ஒன்றன்பின் ஒன்றாக ஏற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பிடிக்கும் தன்மையுடையது. ஆகவே தார்ப்பாயை இறுகக் கட்டிய படகின் அறைக்குள், காற்றோட்டம் இல்லாமல், சாதாரண பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது.

பாய்மரத்தான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இடத்தின் பொறுப்பாளரிடம் கேட்டேன். ஆள் இருக்கும்போது மட்டுமே மின்சாரம் பயன்படுத்தலாம் என்றார். எனவே தொடர் சார்ஜர் என்பது இயலாது. இன்று அளந்து பார்த்ததில் ஏஜிஎம் 12.8 வோல்ட்டும், இஞ்சின் பேட்டரி 12.3 வோல்ட்டும் காட்டின. இரண்டும் நேற்று மாலைவரை பயன்பாட்டில் இருந்தன. இஞ்சின் பேட்டரியில் ஒரு செல்லில் மட்டும் தண்ணீர் குறைந்து தகடு வெளியே தெரிகிறது. 20 வாட் சூரியத் தகடு ஒன்று கைவசம் இருக்கிறது. அதை வைத்துச் சமாளிக்கலாமா?

மின்மானி எழுதியது:

ஓர் இரவு ஓய்வில் இருந்த பிறகு அளந்திருப்பதால் அளவீட்டை நம்பலாம். சார்ஜரைக் கழற்றிய உடனே அளந்தால் மட்டும் மேலோட்டமான சார்ஜ் காரணமாக அளவு கூடுதலாகத் தெரியும். ஏஜிஎம் பேட்டரிக்கு 12.8 வோல்ட் என்பது கிட்டத்தட்ட முழுச் சார்ஜ். சாதாரண ஈய-அமில பேட்டரியில் 12.6 அல்லது 12.7 வோல்ட் முழுமையையும், 12.4 முக்கால் பங்கையும், 12.2 பாதியையும் குறிக்கும். ஆகவே உங்கள் இஞ்சின் பேட்டரி பாதிக்குச் சற்று மேலே நிற்கிறது. இந்த நிலையில் அதைக் குளிர்காலத்துக்குள் அனுப்பக் கூடாது.

ஒரு செல்லில் மட்டும் தண்ணீர் குறைந்திருப்பது எனக்குக் கவலை தருகிறது. தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் இப்போது காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். முழுதும் சார்ஜ் ஏற்றிய பிறகு குறியீட்டு அளவு வரை நிரப்புங்கள். சார்ஜ் ஏற்றும்போது கரைசல் விரிவடைவதால், முன்பே நிரப்பிவிட்டால் அமிலம் வழியும். நிரப்பிய பிறகு சற்று நேரம் சார்ஜ் ஏற்றி நீரை அமிலத்துடன் கலக்கவிடுவது கட்டாயம். கலக்காத நீர் மேலே தங்கி, உறைபனியில் அதுவே முதலில் உறையும். அடுத்த நாள் அமிலக் கரைசலின் அடர்த்தியைத் தண்ணீரோடு ஒப்பிட்டுக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்களையும் தனித்தனியே சோதியுங்கள். எல்லாம் 1.265-ஐ ஒட்டி இருந்தால் பேட்டரி நலமாக உள்ளது. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைவாகக் காட்டினால் அந்தச் செல் பழுதடைந்து வருகிறது என்று பொருள். அந்தப் பேட்டரிக்காகக் குளிர்காலம் முழுவதும் மெனக்கெடுவது வீண். அமில வேலைக்குக் கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள்.

சூரியத் தகட்டைப் பொறுத்தவரை, தார்ப்பாய்க்கு அடியில் வைத்தால் பயன் இல்லை. தார்ப்பாய்க்கு வெளியே சாய்வாக, பனி வழுக்கி விழும்படி பொருத்தி, சார்ஜ் கட்டுப்படுத்தி ஒன்றின் வழியாக இணைத்தால், குளிர்காலத்துக் குறைந்த வெயிலிலும் தானாக இறங்கும் அளவை ஈடுசெய்யும். இறங்கிப்போன பேட்டரியை மீண்டும் நிரப்பும் வலு அதற்கு இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இஞ்சின் பேட்டரியைக் கழற்றி எடுத்துச் செல்வேன். ஏஜிஎம் பேட்டரியை நிரப்பி, கம்பிகளைக் கழற்றிப் படகிலேயே விடுவேன். ஆறு வாரத்துக்கு ஒருமுறை அளந்து, 12.5 வோல்ட்டுக்குக் கீழே வந்தால், ஆள் இருக்கும் நாளில் சார்ஜ் ஏற்றினால் போதும்.

நீலத்துடுப்பு எழுதியது:

இடையில் ஒரு சிறு கேள்வி. எங்கள் படகில் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு பேட்டரி உள்ளது. மேலே சொன்ன முறைகள் அதற்கும் பொருந்துமா?

சுக்கான் எழுதியது:

பெரும்பாலும் நேர்மாறு. லித்தியம் பேட்டரியை முழுச் சார்ஜில் மாதக்கணக்கில் வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். பாதியளவுச் சார்ஜில் நிறுத்தி, இணைப்புகளைக் கழற்றி வையுங்கள். 0 டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றவே கூடாது. உறைநிலையில் ஏற்றும்போது எதிர்முனைத் தகட்டின்மேல் உலோக லித்தியம் படிந்து, செல் நிரந்தரமாகச் சேதமடையும். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றுகளில் சில இதைத் தடுக்கும், எல்லாம் தடுப்பதில்லை. அந்தச் சுற்றும் சிறிதளவு மின்சாரம் இழுப்பதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவைப் பாருங்கள். சூரியத் தகடு இணைந்திருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

பாய்மரத்தான் எழுதியது:

ஆறு செல்களையும் சோதித்தேன். ஐந்து செல்கள் 1.260-லும், தண்ணீர் குறைந்திருந்த செல் 1.190-லும் நிற்கின்றன. புதிய பேட்டரியை இப்போதே வாங்குவதா, வசந்தத்தில் வாங்குவதா? மேலும், பேட்டரியைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்கிறார்களே, அது உண்மையா?

மின்மானி எழுதியது:

0.070 வேறுபாடு என்றால் அந்தச் செல்லுக்கு இனி எதிர்காலம் இல்லை. புதியதை வசந்தத்தில் வாங்குங்கள். இப்போது வாங்கினால் அதையும் நான்கு மாதம் பராமரிக்க வேண்டிவரும். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கடையில் வெகுநாள் கிடந்ததும் சல்பேட்டு ஏறியதாகவே இருக்கும். இஞ்சினுக்கும் ஏஜிஎம் பேட்டரியையே வாங்கினால் ஒரே அமைப்பில் இரண்டுக்கும் சார்ஜ் ஏற்றலாம். ஆனால் இஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் உங்கள் ஆல்டர்னேட்டரின் வோல்ட் ஒழுங்குபடுத்தி அதற்குப் பொருந்துமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தரை பற்றிய அச்சம் மரப்பெட்டியிலும் ரப்பர் பெட்டியிலும் பேட்டரி வந்த காலத்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அது பொருந்தாது. ஈரமில்லாத, குழந்தைகள் எட்டாத இடமாக இருந்தால் போதும்.

ஏஜிஎம் பேட்டரியின் முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, நன்கு உலர்த்தி, பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிடுங்கள். வசந்தத்தில் மாட்டும்போது நேர்முனையை முதலில் இணைக்க வேண்டும். குளிர்காலத்தில் எப்போதாவது பெட்டி புடைத்திருப்பதைக் கண்டால், அதைச் சார்ஜரில் மாட்டாதீர்கள். உறைந்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் வெடிக்கக்கூடும்.