சவுதி ஃபைனல் எக்சிட்: சர்வீஸ் பணம் வருமுன் கணக்குத் தீர்வுத் தாளில் கையெழுத்திடலாமா?

கெடிலக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நெல்லிக்குப்பம். என் அண்ணன் தமாமில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் 11 ஆண்டுகள் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒப்பந்தம் முடிவதால் ஊரோடு வந்துவிடத் தீர்மானித்திருக்கிறார். இக்காமா (சவுதியில் தங்கி வேலை செய்வதற்கான அனுமதி அட்டை) முடிய இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. சம்பளம் படிகளோடு சேர்த்து 2,400 ரியால்.

நிறுவனத்தில் அரபியில் அச்சிட்ட ஒரு தாளை நீட்டி, இதில் கையெழுத்துப் போட்டால் மறுநாளே ஃபைனல் எக்சிட் (நாட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறும் அனுமதி) அடித்துவிடுவதாகவும், சர்வீஸ் பணத்தை (பணிக்கொடையை) அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின் வங்கியில் போட்டுவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அண்ணனுக்கு அரபி பேச வரும், படிக்க வராது. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை இங்கே அரபி தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். "எனக்குச் சேரவேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன், இனி நிறுவனத்தின்மீது எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் இருப்பதாகப் படித்துச் சொன்னார். கையெழுத்திடாவிட்டால் எக்சிட்டை இழுத்தடிப்பார்களோ என்று அண்ணன் அஞ்சுகிறார். என்ன செய்வது நல்லது?

பரங்கிப்பேட்டைவாசி

சகோதரரே, பணம் கணக்கில் ஏறும்வரை அந்தத் தாளில் உங்கள் அண்ணன் கையெழுத்திடவே கூடாது. தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனாலும் நிறுவனம் முதலில் எடுத்து வைப்பது அந்தத் தாளைத்தான். பணம் வரவில்லை என்று நெல்லிக்குப்பத்தில் இருந்துகொண்டு மெய்ப்பிப்பது மிகக் கடினம்.

சேரவேண்டிய தொகையைக் கணக்கிட்டுவிடலாம். சவுதி தொழிலாளர் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளமும், அதற்குமேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு முழு மாதச் சம்பளமும் சர்வீஸ் பணமாகத் தரப்பட வேண்டும். கடைசியாக வாங்கிய சம்பளமே இதற்கு அடிப்படை. அப்படியானால் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 6,000 ரியால், மீதி ஆறு ஆண்டுகளுக்கு 14,400 ரியால், ஆக மொத்தம் 20,400 ரியால் வருகிறது. எடுக்காத விடுப்புக்கான பணமும் நிலுவைச் சம்பளமும் தனி. சில இடங்களில் படிகளை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஆகவே தாளில் எந்தத் தொகையை வைத்துப் பெருக்கியிருக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். "நீயாக விலகுவதாக எழுதிக் கொடு" என்று கேட்டாலும் எழுதித் தர வேண்டாம். பத்து ஆண்டுகள் கடந்தவருக்கு ராஜினாமாவால் சர்வீஸ் பணம் குறையாது என்பது உண்மைதான், ஆனால் ஊர் திரும்பும் விமானச் சீட்டைத் தரும் பொறுப்பிலிருந்து நிறுவனம் நழுவிக்கொள்ள அது வழி செய்துவிடும்.

ஒப்பந்தம் முடிந்த ஒரு வாரத்துக்குள் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்று 88ஆம் பிரிவு சொல்கிறது. எனவே "ஊருக்குப் போனபின்" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. அண்ணன் சண்டை போடத் தேவையில்லை. "பணம் ஏறிய அன்றே கையெழுத்திடுகிறேன்" என்று மரியாதையாக, ஆனால் எழுத்தில், நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ தெரிவித்துவிடட்டும். அதற்கும் மசியவில்லை என்றால், மனிதவள அமைச்சகத்தின் சமரசப் பிரிவில் இணையவழியாகவே புகார் பதியலாம். 21 வேலை நாட்களுக்குள் அங்கே முடியாவிட்டால் வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும். வேலை முடிந்து ஓராண்டு கடந்தபின் பொதுவாகக் கோரிக்கை செல்லாது.

எக்சிட்டை இழுத்தடிப்பார்கள் என்ற அச்சம் பழைய காலத்தது. 2021 மார்ச் 14 முதல், தொழிலாளர் சட்டத்தின்கீழ் வரும் தனியார் துறைத் தொழிலாளி, ஒப்பந்தம் முடிந்தபின் கஃபீலின் (வேலைக்கு அமர்த்திய முதலாளியின்) ஒப்புதல் இல்லாமல் தாமே அப்ஷர் என்ற அரசு இணையச் சேவை வழியாக ஃபைனல் எக்சிட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

முதுநகர்

மேலே சொன்னதை முழுமையாக வழிமொழிகிறேன். எக்சிட் அடிப்பதற்கு முன்பே வங்கிப் பணத்தை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். எக்சிட் விழுந்தபின் கணக்கு முடங்கிப்போய்ப் பலர் தவித்திருக்கிறார்கள். போக்குவரத்து அபராதம் இருந்தால் கட்டிவிடவும், வண்டி அவர் பெயரில் இருந்தால் பெயர் மாற்றிவிடவும் சொல்லுங்கள். இன்னொன்று, அண்மையில் பாஸ்போர்ட் புதுப்பித்திருக்கிறாரா?

கெடிலக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. ஆம் ஐயா, சென்ற ஆண்டு புதுப்பித்தார். அதில் ஏதேனும் சிக்கல் உண்டா?

முதுநகர்

புதிய பாஸ்போர்ட் எண்ணை ஜவாசாத் (சவுதி கடவுச்சீட்டுத் துறை) பதிவில் ஏற்றினார்களா என்று பார்க்க வேண்டும். இப்போது எக்சிட் பாஸ்போர்ட்டில் முத்திரையாகக் குத்தப்படுவதில்லை, எல்லாம் கணினிப் பதிவுதான். என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவரின் எக்சிட் தாளில் பழைய எண்ணே அச்சாகியிருந்தது. பயணத்துக்கு முன்தினம் இரவு பெட்டி கட்டும்போது தாளையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் அது கண்ணில் பட்டது. சீட்டின் தேதியை மாற்றி, எண்ணைத் திருத்திய பிறகே அவரால் புறப்பட முடிந்தது. உங்கள் அண்ணன் அப்ஷரில் தம் விவரத்தைத் திறந்து இன்றே பார்த்துவிடலாம்.

பரங்கிப்பேட்டைவாசி

நல்ல கேள்வியை நினைவூட்டினீர்கள். நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஃபைனல் எக்சிட் அடித்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். வெளியேற முடியாது என்று தெரிந்தால், காலாவதியாகும் முன்பே, இக்காமா செல்லுபடியாகும்போதே அந்த எக்சிட்டை ரத்து செய்துவிட வேண்டும். விட்டுவிட்டால் 1,000 ரியால் அபராதம். எனவே பணம் வருவதற்குள் அவசரப்பட்டு எக்சிட் வாங்கிக்கொள்ள வேண்டாம், அதே நேரம் பேச்சுவார்த்தையிலேயே இக்காமா காலத்தைக் கரைத்துவிடவும் வேண்டாம். மூன்று மாதங்கள் இருப்பது உங்களுக்குச் சாதகம்.

திருப்பாதிரிப்புலியூர்

ஒரு சிறு ஐயம். என் மாமா ரியாத்தில் ஹவுஸ் டிரைவராக இருக்கிறார். இந்த விதிகள் அவருக்கும் பொருந்துமா?

பரங்கிப்பேட்டைவாசி

பொருந்தாது சகோதரரே. வீட்டு ஓட்டுநர், வீட்டுப் பணியாளர் ஆகியோருக்குத் தனி விதிமுறை உண்டு. 2021 சீர்திருத்தம் அவர்களைச் சேர்க்கவில்லை. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் முடித்தவருக்கு ஒரு மாதச் சம்பளம் சர்வீஸ் பணமாகக் கிடைக்கும். எக்சிட்டுக்கு வீட்டு முதலாளியின் ஒத்துழைப்பு தேவை. அது கிடைக்காவிட்டால் ரியாத்தில் உள்ள இந்தியத் தூதரகத்தின் தொழிலாளர் நலப் பிரிவை நேரில் அணுகச் சொல்லுங்கள். இங்கிருந்து வீட்டார் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் மதத் (MADAD) இணையதளத்தில் புகார் பதியலாம்; தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் மனு கொடுக்கலாம்.

கெடிலக்கரைக்கு ஒன்று. எல்லாம் செய்தும் பணம் வராமல் அண்ணன் புறப்பட வேண்டிய நிலை வந்தால், அங்கேயே தொடர்ந்து இருக்கப்போகும் நம்பிக்கையான ஒருவருக்கு சவுதி நீதி அமைச்சகத்தின் நாஜிஸ் தளத்தின் வழியாக வகாலா (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். வழக்கை அவர் நடத்தலாம். ஒப்பந்தம், சம்பளம் ஏறிய வங்கிப் பட்டியல், கையெழுத்திடாத அந்த அரபித் தாளின் படம் ஆகியவற்றின் நகல் அவரிடமும் உங்களிடமும் இருக்கட்டும். சர்வீஸ் சான்றிதழைக் கட்டணமின்றித் தருவது நிறுவனத்தின் கடமை. அதையும் கையோடு வாங்கிக்கொள்ளட்டும்.