புதுப்பிப்பு: அந்த மடக்குக்கத்தி எதுவென்று தெரிந்துவிட்டது

பிடியில் ‘ஓல்டு டைமர்’ என்ற சின்னத் தகடு மட்டும் தெரிகிற மூன்று அலகுக் கத்தி எந்தக் காலத்தது, அந்த பிராண்டு தரம் இறங்கிவிட்டதா என்று கேட்டிருந்தேன் அல்லவா? அலகின் அடியில் எண்ணெய் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் எழுத்து எழும்பி வந்தது: ‘ஷ்ரேட் யு.எஸ்.ஏ. 34ஓ.டி.’ (கடைசியில் இருப்பது மாடல் எண்.)

அப்படியென்றால் ‘ஓல்டு டைமர்’ கத்திகளைச் செய்துவந்த அமெரிக்க நிறுவனமான இம்பீரியல் ஷ்ரேட், 2004-இல் மூடப்படுவதற்கு முன் அமெரிக்காவிலேயே செய்தது. பெயரை வாங்கியவர்கள் பிறகு சீனாவில் செய்ய ஆரம்பித்தார்கள். ஆகவே ‘பிராண்டு தரம் இறங்கிவிட்டதா’ என்ற என் கேள்வியே தப்பு. பெயர்தான் ஒன்று, ஆலையே வேறு.

அலகில் படர்ந்த சாம்பல் நிறம் துருவல்ல, கார்பன் எஃகு பழகிய நிறம். (துரு என்று நினைத்து உப்புத்தாள் வாங்கி வைத்திருந்தேன், நல்லவேளை, தேய்க்கவில்லை!) மூன்று அலகும் ஆட்டமில்லாமல் ‘டக்’கென்று மடங்குகின்றன. தீட்டிப் பார்த்தேன், காகிதத்தை இழுக்காமல் அறுக்கிறது. விற்கப்போவதில்லை.