பை மைசெல்ஃப், ஃபார் மைசெல்ஃப் குழப்பம் (அவசரம்)

கடைசிபெஞ்ச்: ஆங்கிலத்தில் 'மைசெல்ஃப்' முன்னால் 'பை' வந்தாலும் ஃபார் வந்தாலும் அர்த்தம் ஒன்றுதானே? பயிற்சித் தேர்வில் பை போட்டேன், தவறு என்று சிவப்பில் காட்டுகிறது. காரணமும் சொல்லவில்லை. நாளைக்குத் தேர்வு, யாராவது சட்டென்று சொல்லுங்கள்.

மழைக்காகம்: எந்த வாக்கியம்? அதைப் போடாமல் எப்படிச் சொல்வது?

தேன்கூடு: பை என்றால் தனியாக, ஃபார் என்றால் எனக்காக. அவ்வளவுதான், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஒற்றைக்கொம்பு: அவ்வளவுதான் இல்லை. 'ஐ சாட் பை மைசெல்ஃப்' என்றால் கூட யாரும் இல்லை. 'ஐ ஃபிக்ஸ்டு இட் பை மைசெல்ஃப்' என்றால் யாரும் கைகொடுக்கவில்லை. சுற்றிப் பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்த்திருக்கலாம். வினையைப் பார்க்காமல் 'தனியாக' என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம்.

இலக்கணப்புலி: வாராவாரம் இதே கேள்வி. ரிஃப்ளெக்சிவ் (செய்பவரையே திரும்பக் குறிப்பது), எம்ஃபாட்டிக் (அழுத்தத்துக்காக வருவது) என்று இரண்டு உண்டு என்பதாவது தெரியுமா தம்பி? 'ஐ ஹர்ட் மைசெல்ஃப்'. இதில் மைசெல்ஃபை எடுத்தால் வாக்கியம் நொண்டும். 'ஐ பெயின்டட் த டோர் மைசெல்ஃப்'. இதில் எடுத்தாலும் நிற்கும், அழுத்தம்தான் போகும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

மழைக்காகம்: வராது ஐயா. அவர் கேட்டது முன்னால் வரும் சொல்லைப் பற்றி. உங்கள் சோதனையில் பை எங்கே, ஃபார் எங்கே? கடைசிபெஞ்ச், வாக்கியம் என்ன, கொடுத்த விடைகள் என்னென்ன?

கடைசிபெஞ்ச்: 'ஐ டிடின்ட் பிலீவ் இட் அன்டில் ஐ சா இட் டேஷ் மைசெல்ஃப்.' பை, ஃபார், டு, இன். தனியாகப் போய்ப் பார்த்தார் என்று நினைத்துப் பை போட்டேன்.

ஒற்றைக்கொம்பு: ஃபார். ஆனால் இங்கே 'எனக்காக' என்ற பொருளே இல்லை. பிறர் சொன்னதை நம்பாமல் என் கண்ணாலேயே பார்த்தேன் என்பதுதான். சீ, ஜட்ஜ், டிசைட், ஃபைன்ட் அவுட் மாதிரி வினைகளோடு வந்தால் பெரும்பாலும் இப்படித்தான். கூடவே ஊரே திரண்டு வந்திருந்தாலும் 'சா இட் ஃபார் மைசெல்ஃப்' சொல்லலாம். தேன்கூடு சொன்னது 'ஐ குக்டு ஃபார் மைசெல்ஃப்' போன்ற இடத்துக்கு. டுவுக்கும் இரண்டு முகம் உண்டு. 'ஐ செட் டு மைசெல்ஃப்' மனதுக்குள் சொல்லிக்கொண்டது. 'ஐ ஹாட் த ரூம் டு மைசெல்ஃப்' என்றால் அறை முழுக்க எனக்கே, பங்குக்கு ஆளில்லை.

தேன்கூடு: முன்னால் எதுவுமே போடாமல் 'ஐ சா இட் மைசெல்ஃப்' என்றாலும் சரிதானே?

இலக்கணப்புலி: சரிதான், நான் சொன்ன எம்ஃபாட்டிக். ஆனால் கோடிட்ட இடத்தை வெறுமனே விட்டால் மதிப்பெண் கிடைக்காது. இதைவிடக் கொடுமை, மின்னஞ்சலில் 'பிளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்' என்று எழுதுகிறார்களே, அதுதான். அந்த வாக்கியத்தில் ஐ எங்கே இருக்கிறது? மீ போதாதா?

பரண்மேல்: 'பீப்பிள் லைக் மைசெல்ஃப்' என்பதிலும்தான் ஐ இல்லை. நன்றாக எழுதுகிறவர்களே அப்படி எழுதுகிறார்கள்.

இலக்கணப்புலி: அது லைக்குக்குப் பின்னால் வரும் வழக்கு. அதைக் காட்டி இதற்கு வக்காலத்து வாங்காதீர்கள்.

பரண்மேல்: வாங்கவில்லை. உங்கள் விதியில் ஓட்டை இருக்கிறது என்கிறேன். 'ஷி லுக்டு பிஹைன்ட் ஹர்.' திரும்பிப் பார்த்தவளும் அவளே, முதுகும் அவளுடையதே. ஏன் ஹர்செல்ஃப் வரவில்லை?

இலக்கணப்புலி: இடத்தைக் குறிக்கும் சொல்லுக்குப் பின் ஹர்தான். விதிவிலக்கு.

மழைக்காகம்: அப்போ 'பிசைட் ஹர்செல்ஃப் வித் ஆங்கர்'? 'பிசைட் ஹர்' என்றால் அவள் பக்கத்தில். செல்ஃப் ஒட்டியதும், கோபத்தில் தன் வசத்திலேயே இல்லை என்றாகிவிடுகிறது.

கடைசிபெஞ்ச்: ஃபார் போட்டேன், பச்சை. நன்றி.

ஒற்றைக்கொம்பு: நல்லது. 'இன்' என்பதையும் பார்த்துவிட்டுப் போங்கள், இட்செல்ஃபோடு அடிக்கடி கேட்பார்கள். 'மணி இஸ் நாட் பேட் இன் இட்செல்ஃப்' என்றால் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால் கெட்டதல்ல. 'த டோர் ஓப்பன்டு பை இட்செல்ஃப்' என்றால் யாரும் தொடாமல் திறந்தது.

பரண்மேல்: அவர் எப்போதோ போய்விட்டார். புலி, 'பிசைட்' இடத்தைக் குறிக்கும் சொல்தானே? பதில் சொல்லுங்கள்.