இன்க்விசிஷன் போஸ்ட் மார்ட்டம் என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்பென்சர் குடும்பத்தின் கொடிவழியைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இளவரசி டயானா பிறந்த அதே குடும்பம்தான். ஆனால் எனக்கு வேண்டியது 1500 முதல் 1650 வரையிலான காலம். ஆடு வளர்த்துப் பணம் சேர்த்தவர்கள் 1506-ல் வார்ம்லெய்ட்டனையும் 1508-ல் ஆல்தார்ப்பையும் வாங்கி, 1603-ல் பிரபுப் பட்டம் வரை ஏறிய கதை அது. அந்தக் காலத்து ஆங்கில நிலக்கிழார்களில் யாருடைய வழியைத் தேடினாலும் ‘இன்க்விசிஷன் போஸ்ட் மார்ட்டம்’ என்ற ஆவணத்தைத் தொடாமல் நகர முடியாது. இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> “போஸ்ட் மார்ட்டம் என்றால் பிரேதப் பரிசோதனை என்று ஊருக்கே தெரியும். ‘பிரேத விசாரணை’ என்று போட்டுவிடலாமே.”

இதைத்தான் முதலில் தவிர்க்க வேண்டும், ஐயா. இந்த விசாரணைக்கும் உடலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ‘போஸ்ட் மார்ட்டம்’ என்பது இங்கே ‘இறந்த பிறகு’ என்று மட்டுமே பொருள்படும். அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் ஒருவர் இறந்தால், அந்த மாவட்டத்து எஸ்சீட்டர் என்ற அதிகாரிக்கு ஆணை போகும். ‘அவர் தம் இறுதி நாளை முடித்துக்கொண்டார்’ என்ற பொருளில் வரும் லத்தீன் தொடரே அந்த ஆணையின் பெயர். அதிகாரி உள்ளூர்க்காரர்கள் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் கூட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்பார்: இறந்தவரிடம் என்னென்ன நிலம் இருந்தது? யாரிடமிருந்து, என்ன கடமைக்குப் பெற்றது? ஆண்டுக்கு என்ன பெறும்? அவர் இறந்தது எந்த நாள்? அடுத்த வாரிசு யார், வயது என்ன? பதில்கள் தோலில் லத்தீனில் எழுதப்பட்டு மேலிடம் போகும். 13-ம் நூற்றாண்டில் தொடங்கி 1640-கள் வரை இது நடந்தது. மிஞ்சியவற்றில் பெரும்பகுதி இன்று லண்டனின் கியூ பகுதியிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதே இங்கிலாந்தில், அதே காலத்தில், சந்தேகச் சாவுகளை விசாரிக்க கரோனர் என்று வேறோர் அதிகாரி இருந்தார். அவரும் ஊரார் பன்னிரண்டு பேரைக் கூட்டித்தான் விசாரித்தார். ‘பிரேத விசாரணை’ என்ற சொல் அவருக்குத்தான் சரியாகப் பொருந்தும். ‘மரண விசாரணை’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இலங்கையில் கரோனருக்கு மரண விசாரணை அதிகாரி என்றுதான் பெயர், அதனால் அங்குள்ள வாசகர் நேராக அந்த அர்த்தத்துக்கே போய்விடுவார். ஸ்பென்சர்கள் எல்லோரும் கொலையுண்டார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

> “இந்த ஆவணத்தால் நமக்குக் கிடைப்பது வாரிசு விவரம்தானே? ‘வாரிசு விசாரணை’ என்பது எளிது. தனித்தமிழில் வேண்டுமென்றால் ‘தாய விசாரணை’ (தாயம் என்றால் மரபுரிமைச் சொத்து).”

அம்மா, உங்கள் சொல் காதுக்கு நன்றாக இருக்கிறது. இரண்டு நாள் நானும் அதையே வைத்து எழுதிப் பார்த்தேன். பிறகு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசுக்கு அந்தக் குடும்பத்தின் வழிமுறையில் அக்கறை இருந்ததால் வாரிசின் பெயரைக் கேட்கவில்லை. வாரிசு ஆணாக இருந்து 21 வயது நிரம்பாதவன் என்றால், நிலத்தின் வருமானமும் அவனுடைய திருமணத்தை முடிவு செய்யும் உரிமையும் அரசரிடம் போய்விடும். அந்த உரிமையை அரசர் வேறொருவருக்கு விற்கலாம். வாங்கியவர் தம் மகளையே அந்தப் பையனுக்குக் கட்டிவைக்கலாம். ஆல்தார்ப்பை வாங்கிய சர் ஜான் ஸ்பென்சர் 1522-ல் இறந்தார். அவர் மகன் சர் வில்லியம் 1532-லேயே போய்ச் சேர்ந்தார். அப்போது வில்லியமின் மகன் ஜான் சிறுவன். அத்தனை ஆடுகளும் நிலமும் உள்ள வீட்டுக்கு ஒரு சிறுவன் வாரிசு என்றால், அந்த வயது விவரம் எவ்வளவு பெறுமானம் உள்ளது என்று யோசித்துப் பாருங்கள். இந்த வருமானத்தைக் கவனிக்கவே 1540-ல் தனி நீதிமன்றம் அமைத்தார்கள். எலிசபெத்தின் அமைச்சர் வில்லியம் செசில் 1561 முதல் 1598-ல் சாகும்வரை அதன் தலைவராக இருந்தார். 1646-ல் நாடாளுமன்றம் அந்த நீதிமன்றத்தை மூடியது, 1660-ல் சட்டம் அதை உறுதி செய்தது. காசு வரும் வழி அடைபட்டதும் விசாரணையும் நின்றுபோனது. வாரிசுகள் அதற்குப் பிறகும் இருந்தார்கள், ஆனால் அவர்களைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

ஆக, விசாரணையின் மையம் நிலம். வாரிசு அந்த நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் தகவல். இதைச் சொல்லில் காட்டாவிட்டால் கொடிவழி தேடுகிறவர் தடுமாறுவார். ‘வாரிசு விசாரணை’ என்று படிப்பவர் அதில் எல்லாப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்றுதான் எதிர்பார்ப்பார். நம் ஊர் வாரிசுச் சான்றிதழில் மனைவி, மகன், மகள் என்று அத்தனை பேரும் வரிசையாக இருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆங்கிலப் பொதுச்சட்டப்படி மூத்த மகன் ஒருவனே நிலத்துக்கு வாரிசு. மகன் இல்லாமல் மகள்கள் மட்டும் இருந்தால் எல்லோருக்கும் சமபங்கு. மேலே சொன்ன அந்தச் சிறுவன்தான் 1586-ல் இறந்த இரண்டாவது சர் ஜான்; அவருக்கு மகன்களும் மகள்களுமாகப் பல பிள்ளைகள். அவர்களில் ஆலிஸ் பிற்பாடு டார்பி சீமாட்டி ஆனார். எலிசபெத், ஆன், ஆலிஸ் ஆகிய மூன்று சகோதரிகளுக்கும் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர் கவிதைகளைக் காணிக்கையாக்கித் தம்மை உறவினர் என்றும் சொல்லிக்கொண்டார். ஆனால் வாரிசு என்ற இடத்தில் வரக்கூடியது மூத்த மகன் பெயர் ஒன்றுதான். அங்கே பெயர் இல்லை என்பதற்காக ‘இப்படி ஒரு மகள் இருந்ததில்லை’ என்று முடிவுகட்டினால் பாதிக் குடும்பம் காணாமல் போகும்.

சரி, நிலம் என்று பார்த்தால் வேறொரு கதவு திறக்கிறது. 1536-க்கும் 1540-க்கும் இடையில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றார். விற்கும்போது பெரும்பாலும் படைக்கடமை, அதாவது நிலத்துக்கு ஈடாக அரசருக்குப் படைச்சேவை செய்யும் கடமை, என்ற நிபந்தனையைச் சேர்த்தே விற்றார்கள். அப்படி ஒரு துண்டு நிலத்தை வாங்கினாலும் போதும், வாங்கியவர் அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் ஆகிவிடுவார். அவர் சிறுவயது வாரிசை விட்டு இறந்தால், மற்றப் பிரபுக்களிடமிருந்து பெற்ற நிலங்களின் மேலும் அரசர் கை நீளும். அதனால்தான் முன்பு எந்த விசாரணையிலும் இல்லாத குடும்பங்கள் 16-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திடீரென்று தென்படுகின்றன. அவர்கள் புதிதாக முளைத்தவர்கள் அல்லர். புதிதாக வாங்கிய ஒரு வயலால் அரசின் கண்ணில் பட்டவர்கள். இதை ‘வாரிசு விசாரணை’ என்ற பெயரை வைத்துக்கொண்டு விளக்குவது கஷ்டம்.

> “இந்த விசாரணைகளை விட, குலச்சின்னங்களைப் பதிவுசெய்யும் அதிகாரிகளான அரசு மரபுக்காவலர்கள் வரைந்த கொடிவழிகளே முழுமையானவை. அவற்றில் எல்லாக் கிளைகளும் இருக்கின்றன.”

முழுமை உண்டு. நம்பகம் அந்த அளவுக்கு இல்லை. 1504-ல் ஸ்பென்சர்களுக்குப் புதிதாகக் குலச்சின்னம் வழங்கப்பட்டது. 16-ம் நூற்றாண்டின் இறுதியில் மரபுக்காவலர் ரிச்சர்ட் லீ, அவர்களை இடைக்காலத்து டெஸ்பென்சர் பிரபுக்களோடு இணைத்து ஒரு கொடிவழி தீட்டினார். குடும்பம் அந்தப் பிரபுக்களின் சின்னத்தையே எடுத்துக்கொண்டது. 1901-ல் வரலாற்றாய்வாளர் ஜே. எச். ரவுண்ட் அந்தக் கொடிவழி இட்டுக்கட்டியது என்று விளக்கமாகக் காட்டினார். ஊர்க்காரர்கள் சத்தியம் செய்து சொன்ன விசாரணையிலும் பிழை உண்டு. ‘வயது 21-ம் அதற்கு மேலும்’ என்று எழுதியிருந்தால், பெரியவன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இரண்டு மாவட்டங்களில் நிலம் இருந்தால் இரண்டு விசாரணை நடக்கும், இரண்டிலும் இறந்த நாள் வேறுவேறாகவும் இருக்கலாம். புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்த காலம் என்பதையும் மறக்கக் கூடாது, 1600 ஜனவரியில் இறந்தவர் அவர்கள் கணக்கில் 1599-ல் இறந்தவர். இருந்தாலும் இது இறந்தவரைத் தெரிந்தவர்கள் சொன்ன சாட்சி. தவிர, ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தறிய இதைப் போல உதவுவது வேறில்லை. ஆல்தார்ப்பில் அடுத்தடுத்து சர் ஜான்கள், அதே சமயம் 1594-ல் லண்டன் மேயரான உறவில்லாத இன்னொரு சர் ஜான் ஸ்பென்சர். பெயரை வைத்துப் பிரிக்க முடியாதவர்களை அவரவர் நிலம் பிரித்துக் காட்டிவிடும்.

என் முன்மொழிவு: இறந்தார் நில விசாரணை. ‘காணி விசாரணை’ என்றும் யோசித்தேன். இலங்கையில் அது நிலத் தகராறு போல ஒலிக்கும் என்று தோன்றுகிறது, அங்குள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும்.

————

ஐயா, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் நினைத்தது சரி. காணி விசாரணை எண்டால் எங்கட ஆக்களுக்கு எல்லைப் பிரச்சினைதான் ஞாபகம் வரும். நில விசாரணை நல்லது. ஆனால் ‘இறந்தார்’ என்பதை ஒரு வினைமுற்று என்று படித்துவிட வாய்ப்பிருக்கிறது: ‘அவர் இறந்தார். நில விசாரணை...’ என்று. ‘இறந்தோர்’ என்று வைத்தால் அந்தக் குழப்பம் வராது.

‘தாய விசாரணை’ என்ற என் சொல்லை நானே விட்டுவிடுகிறேன். அந்த மகள்களின் கதையை வாசித்தபிறகு அதைப் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை.

————

அம்மா, மிக்க நன்றி. வினைமுற்றுச் சிக்கல் எனக்குத் தோன்றவே இல்லை. இறந்தோர் நில விசாரணை என்றே வைத்துக்கொள்கிறேன். கட்டுரையில் முதல்முறை வரும் இடத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

“சர் வில்லியம் 1532-ல் மறைந்தபோது மகன் ஜான் சிறுவன். இத்தகைய குடும்பங்களில் அரசு நடத்திய இறந்தோர் நில விசாரணை, வாரிசின் வயதையும் நிலத்தின் ஆண்டு மதிப்பையும் சேர்த்தே பதிந்தது.”

எஸ்சீட்டருக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. வாரிசு இல்லாமல் போனால் நிலத்தை அரசுக்காக மீட்டுக்கொள்வதும் அவர் வேலை என்பதால் ‘நிலமீட்பு அலுவலர்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். ஆக்கிரமிப்பு அகற்றுபவர் என்று படிப்பவர்கள் நினைப்பார்களோ என்று கவலையாக இருக்கிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.