காதல் நகைச்சுவைப் படச் சுவரொட்டி: நடு இடைவெளியும் சிவப்புத் தலைப்பும்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் எடுத்த காதல் நகைச்சுவைப் படமொன்றுக்கு 27×40 அங்குலச் சுவரொட்டி செய்கிறோம். வடிவமைப்புத் தெரிந்தவர்கள் உதவி செய்யுங்கோ.

வெள்ளைப் பின்னணி, சிவப்புத் தலைப்பு. நாயகனும் நாயகியும் முதுகோடு முதுகு சாய்ந்து நிற்கிறார்கள். முதுகு முட்டினால், சண்டை பிடித்தாலும் கடைசியில் சேருவினம் என்று பார்ப்பவருக்கு விளங்கும். நடுவில் 4 அங்குலம் விட்டால் அதே படம் பிரிவுத்துயராகிவிடுகிறது. அந்த இடைவெளியில் சைக்கிளை நிறுத்தினால் அது இருவரையும் இணைக்குமா, வேலியாக மறிக்குமா? எங்களுக்குள்ளேயே இதில் உடன்பாடில்லை. பார்வையும் முக்கியம்: அவள் எங்களைப் பார்க்க, அவன் ஓரக்கண்ணால் அவளைப் பார்க்கிறான். அதனால் கதை அவள் பக்கம் சாய்கிறது. இருவரும் எங்களையே பார்த்தால் நகைக்கடை விளம்பரம்தான்.

தலைப்பை 5 பாகை சரித்ததில் குறும்பு வந்திருக்கிறது. ஆனால் தடித்த எழுத்தில் ‘ஞ’, ‘ணு’ ஆகியவற்றின் சுழிகள் அடைபடுகின்றன. மெலித்தால் பேருந்தில் போகிறவருக்குத் தெரியாது. சுழி திறந்த, தடித்த யூனிகோட் எழுத்துரு எது?

அடுத்தது வெயில். சாதாரண அச்சு மையில் மஜந்தாவும் (ஊதா கலந்த இளஞ்சிவப்பு) மஞ்சளும்தான் முதலில் வெளிறும். சிவப்பு அந்த இரண்டும் கலந்தது. தலைப்பு வெளிறினால் பகிடிப்படம் என்ற அடையாளமே போய்விடும். வெயில் தாங்கும் மையில் அடிக்கும் அச்சகம் குடாநாட்டில் இருக்கிறதா, அல்லது மேலே லமினேற் செய்தால் போதுமா?