விசில் ஊதாம அடிச்ச ஃப்ரீ கிக்: கோல் செல்லுமா?

வியாசர்பாடி விங்கர்:
ஃபுட்பால் பிளே-ஆஃப்ல 1-0 தோல்வி. 88ஆவது நிமிஷம், நம்ம பசங்க வால் (பந்தை மறிக்க வரிசையா நிக்கிற தடுப்புச் சுவர்) கட்டறதுக்குள்ள ஃப்ரீ கிக் அடிச்சு உள்ளே போட்டுட்டாங்க. ரெஃப்ரி விசிலே ஊதலை. புரொட்டஸ்ட் கொடுத்தா மேட்ச் திரும்ப நடக்குமா?

கேலரி கணேஷா:
வயிறு எரியத்தான் செய்யும், ஆனா கோல் சரி பாஸ். ஃப்ரீ கிக்குக்கு விசில் கட்டாயமில்லை. அடிக்கிற டீம், நம்ம ஆளுங்க 9.15 மீட்டர் தள்ளி நிக்கணும்னு கேட்டு, ரெஃப்ரி “விசிலுக்கு அப்புறம்தான்”னு சைகை காட்டியிருந்தா கதை வேற. ஃபவுல் ஆனதும் கீப்பர் போஸ்ட்டைப் பிடிச்சுக்கிட்டு வாலை நகர்த்தப் போறாரு பாருங்க, அங்கதான் கோட்டை விடறோம். அந்த சைகை வர்ற வரைக்கும் அவர் கோலுக்கு நடுவுல நிக்கணும். பந்து முன்னாடி போய் வேணும்னே மறிச்சா மஞ்சள் அட்டை.

காசிமேடு ஸ்டாப்பர்:
கண்ணால பார்த்து எடுத்த முடிவை மாத்த மாட்டாங்க. 2009ல அயர்லாந்துக்கு எதிரா பிரான்ஸ் வீரர் ஆன்ரி கையால தட்டின பந்து கோலாச்சு, ஊரே பார்த்தது, மறு ஆட்டம் கிடைக்கலை. விதியையே தப்பா போட்டாதான் வழி. 2005 உஸ்பெகிஸ்தான்-பஹ்ரைன் ஆட்டத்துல பெனால்டியை திரும்ப அடிக்க விடாம எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தாரு ரெஃப்ரி. ஃபிஃபா மறு ஆட்டம் வெச்சது. புகார் கொடுத்த உஸ்பெகிஸ்தானே கடைசியில வெளியே போனது தனி சோகம்.

கேலரி கணேஷா:
கோபத்துல மைதானத்தை விட்டு மட்டும் கிளம்பிடாதீங்க. 2023ல பெங்களூரு டீமோட சேத்ரி இதே மாதிரி அடிச்ச கோலுக்கு, எதிர்த்து ஆடின கேரளா பிளாஸ்டர்ஸ் டீம் வெளிநடப்பு செஞ்சு 4 கோடி ரூபாய் அபராதம் வாங்கினாங்க.