அரசின் அதிகாரத்துக்கு எல்லை வேண்டும் என்ற வாதம் சாதிக் கட்டுப்பாடு உள்ள ஊரில் செல்லுமா?

கேள்வி – உசிலம்பட்டி வாசகர்

அரசின் அதிகாரம் சுருங்கினால்தான் தனிமனிதச் சுதந்திரம் வளரும் என்று வாதிடுவோரின் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். தொழில் தொடங்கவும் சொத்தைப் பேணவும் எண்ணியதைப் பேசவும் அரசு குறுக்கே நிற்கக் கூடாது என்பதில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் எங்கள் பகுதியிலுள்ள பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996 இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, 2006 வரை அங்கே முறையான தேர்தல் நடக்க முடியவில்லை. தடுத்தது ஊர்க் கட்டுப்பாடு. அரசை ஒதுங்கி நிற்கச் சொன்னால், ஊரின் பிடியிலிருந்து ஒருவரைக் காப்பவர் யார்?

மறுமொழி 1 – மதுரை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அவர்களிடம் இதற்கு நேரான பதில் இல்லை என்றே கருதுகிறேன். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், பட்டியல் சாதியினர் ஐவரையும் நாடார் ஒருவரையும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அதில் பங்கேற்றோர்மீது வழக்குத் தொடர முடியாதபடி ராஜாஜி அரசு அவ்வாண்டே சட்டம் இயற்றிக் காத்தது. அரசு ஒதுங்கியிருந்தால் அவர்கள் நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்திருக்கும்.

மறுமொழி 2 – திருமங்கலம் வாசகர்

ஐயா, அவர்களுக்குக் காப்பு ஏன் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908 இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அதாவது, ஊரின் தடைக்குப் பின்னால் நீதிமன்றமும் அதன் ஆணையை நிறைவேற்றும் காவல்துறையும் இருந்தன. 1939 இல் அரசு செய்த பெரும் நன்மை, அந்தத் தடைக்குத் தான் கொடுத்து வந்த பலத்தை விலக்கிக்கொண்டதுதான்.

உசிலம்பட்டிக்காரரான கேள்வியாளருக்கு ரேகைச் சட்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை. 1871 இல் பிறந்து 1911 இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்ட அந்தக் குற்றப் பரம்பரைச் சட்டம், ஒரு கூட்டத்தார் குற்றம் செய்யும் வழக்கமுடையவர்கள் என்று நம்பக் காரணம் இருப்பதாக அரசு கருதினாலே போதும், அவர்களைப் பட்டியலில் சேர்க்கலாம் என்றது. அந்த அறிவிப்பு செல்லுமா என்று நீதிமன்றம் கேட்க முடியாதபடி வாயிலையும் அடைத்தது. அதன் பேரில் பிரமலைக் கள்ளர் சமூகத்தின் ஆண்கள் கைரேகை வைத்தார்கள், இரவுகளைக் காவல் நிலையத்தில் கழித்தார்கள், வெளியூர் செல்லச் சீட்டு வாங்கினார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947 இல்தான் நீக்கப்பட்டது.

எல்லைக்குட்பட்ட அரசு என்றால் வலுவற்ற அரசு என்று நான் பொருள் கொள்வதில்லை. வேட்புமனு கொடுக்கச் செல்பவரை மிரட்டுபவன் யாராயினும் அவனைப் பிடிக்கும் வலு அரசுக்கு வேண்டும். பிறப்பைப் பார்த்து ஒரு கூட்டத்தையே அடைத்துவைக்கும் உரிமையும், தன் ஆணையை யாரும் கேள்வி கேட்க முடியாது என்று சொல்லும் உரிமையும் அதற்கு எந்நாளும் இருக்கக் கூடாது. பாப்பாபட்டியில் பத்தாண்டுகள் குறைவாக இருந்தது அந்த முதல் வகை வலு. பெருங்காமநல்லூரில் மிகுந்திருந்தது இரண்டாம் வகை அதிகாரம்.

மறுமொழி 3 – மதுரை, வழக்கறிஞர்

இந்தப் பிரிவினையை ஏற்கிறேன். ஆயினும் எல்லை தாளில் இருந்தால் மட்டும் போதாது. அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்று அரசமைப்பின் 13 ஆம் பிரிவு கூறுகிறது; உயர் நீதிமன்றத்தை நாட 226 ஆம் பிரிவு வழி தருகிறது. ஆனால் 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறக்கப்படும் வரை, அந்த வழியில் நடக்க விரும்பிய உசிலம்பட்டிக் கூலித் தொழிலாளி சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. பயணச் செலவும் இழந்த கூலியும் சேர்ந்தே பலருடைய மனுவைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடும். ஆகவே அரசைச் சுருக்க வேண்டும் என்போர், நீதிமன்றங்களுக்கும் இலவசச் சட்ட உதவிக்கும் அரசு செய்யும் செலவை அந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அதை இன்னும் கூட்ட வேண்டும் என்று அவர்களே முதலில் கேட்க வேண்டும்.